நின்ற நேரம்

"கோச், நான் முடிச்சிடுவேனா?"

பரஞ்சோதி இதைக் கேட்காத நாள் கிடையாது. நாற்பத்தேழு வயது, தாலுகா அலுவலகத்தில் சர்வேயர். அவருக்குப் பயிற்சி கொடுக்கும் பிலோமினா பதினாறு வயது இளையவள். தீவில் பிறந்து, கடலில் நீந்தி வளர்ந்தவள். அவள் சொன்னால் இவர் மறுபேச்சுப் பேசமாட்டார். வயதைப் பார்த்தா குருவைத் தேடுவது?

போட்டிக்கு இன்னும் பத்து நாள். முதலில் கடலில் நீச்சல், பிறகு தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அதுவும் முடிந்து ஓட்டம். நீச்சலும் ஓட்டமும் அவருக்கு எப்படியோ வந்துவிட்டன. சைக்கிள்தான் உயிரை எடுத்தது. தீவுக்கு இருப்பது ஒரே சாலை. கிழக்கு முனையில் தொடங்கி மேற்கே கலங்கரை விளக்கம் வரை பதினைந்து கிலோமீட்டர். போய்த் திரும்ப வேண்டும், மூன்று தடவை. போகும்போது மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று நேராக முகத்தில் அடிக்கும். மூன்றாம் தடவை கலங்கரை விளக்கத்தைப் பத்தே முக்காலுக்குள் தாண்டாதவர்களை அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது. ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது. இந்த வருஷம் பகலில் ஓட்டலாம், அதற்குப் பிறகு சைக்கிளைத் தொடவே கூடாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

"உங்க வாட்ச் என்ன சொல்லுது?" என்றாள் பிலோமினா.

"நீச்சல் முடிஞ்சு ஏழு மணிக்குச் சைக்கிள்ல கிளம்பினா, கடைசித் தடவை கலங்கரை விளக்கத்துக்கு மூணு மணி முப்பத்தெட்டு நிமிஷம். ஏழு நிமிஷம் மிச்சம் இருக்கு கோச்!"

மறுநாள் காலை அவள் தன் வீட்டுச் சமையலறையில் மாட்டியிருந்த சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி வந்து, மொபெட்டின் முன்கூடையில் கயிறு போட்டுக் கட்டினாள்.

"யாருக்குக் கோச் கல்யாணம்?"

"பேசாம ஓட்டுங்க சார்."

ஏழு மணிக்குக் கிளம்பினார். அவள் பின்னாலேயே போனாள். எட்டு மணிக்கே வெயில் முதுகை வறுத்தது. காற்று மணலை வாரி ரோட்டில் போட்டது. ஓரத்தில் மணல் எங்கே ஏறிக் கிடக்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் காற்று ஓங்கி அடிக்கும்போதெல்லாம் ஒரு காலை ஊன்றி நின்றார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மூச்சு திரும்பியதும் மறுபடி மிதித்தார்.

மூன்றாம் தடவை கலங்கரை விளக்கத்தை எட்டியதும் கையைத் தூக்கிக் காட்டினார்.

"மூணு முப்பத்தெட்டு! அதே!"

பிலோமினா கூடையைக் காட்டினாள். மணி பதினொன்று ஏழு.

"இது ஓடுற கடிகாரந்தானா?"

"எங்க வீட்ல சோறு வடிக்கிறதே இதைப் பார்த்துத்தான் சார். இருபத்தொன்பது நிமிஷம் நின்னீங்க. நீங்க நிக்கும்போதெல்லாம் உங்க வாட்சும் நின்னுடுச்சு."

சைக்கிள் நின்றால் அந்த வாட்ச் தானும் நின்றுவிடும். நகரத்தில் சிக்னலில் மாட்டிக்கொள்கிறவர்களுக்காக வைத்த வசதி. தீவில் சிக்னலே கிடையாது. நிலத்தில் ஒரு சாண் கூடினாலும் ஒத்துக்கொள்ளாத மனுஷன், நாலு மாதமாக இதைக் கவனிக்கவில்லை. கவனிக்க மனசு வரவில்லையோ என்னவோ.

அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டார்.

"பத்து நாளும் இல்ல, ஒன்பது நாள்தான் இருக்கு. இருபத்திரண்டு நிமிஷத்தைக் குறைச்சிடலாமா?"

"முடியாது சார்."

"அன்னிக்குக் காத்து அடங்கிட்டா?"

"ஆடி மாசம். அடங்காது."

"நிக்காம ஓட்டுறேன் கோச். விழுந்தா விழுந்துட்டுப் போறேன்."

"விழுந்து கையை உடைச்சுக்கிட்டா இருக்கிற வேலையும் போச்சு. நிக்கத்தான் வேணும்."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. வாயில் மணல் கடிபட, விசும்பி விசும்பி அழுதார். பிலோமினா பக்கத்தில் நின்றாள், தேற்றவில்லை. பொய் சொல்லித் தேற்ற அவளுக்கு வராது.

"இங்க திரும்பிட்டா காத்து முதுகைப் பிடிச்சுத் தள்ளும். பெடலை மிதிக்கவே வேணாம். போட்டியன்னிக்குக் கடைசித் தடவை அது எனக்குக் கிடையாதா?"

"கிடையாது."

"அப்போ எதுக்கு நான் தண்ணியில இறங்கணும்?"

அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் பாதி குடித்தார், மீதியை முகத்தில் ஊற்றிக்கொண்டார். ஒரு லாரி போயிற்று. அதன் புழுதி அடங்கியதும் அவர் கேட்டார்.

"இங்க வந்ததும் என்ன பண்ணுவாங்க?"

"சிவப்புக் கொடியோட ஒருத்தர் குறுக்க நிப்பாங்க. உங்க கால்ல நேரம் பார்க்க ஒரு சிப் கட்டியிருக்கும். அதைக் கழட்டிடுவாங்க. சைக்கிளை வேன்ல ஏத்திடுவாங்க."

"என் கண்ணைப் பத்தி ஒண்ணும் தெரியாத எவனோ ஒருத்தன் வந்து என் காலைப் பிடிச்சுக் கழட்டுவான். அவ்வளவுதான், இல்ல?"

"எவனோ இல்ல சார். நேத்து சாயங்காலமே போய் அந்தக் கொடி பிடிக்கிற வேலையை நான் கேட்டு வாங்கிட்டேன். என்கிட்ட வந்து சேருங்க."