தீவுக்குப் போன மான் திரும்பி வந்த நாள்

ஒரு காட்டில், பிள்ளைகளே, ஆற்றங்கரை மான்களிடம் அழகான வழக்கம் ஒன்று இருந்தது. வெளியே போய்த் திரும்பும் மான், கரையோரத்து நாவல் மரத்தடியில் நின்று நீளமாகக் குரல் கொடுக்கும். புதருக்குள் இருக்கும் மான்கள் பதில் குரல் கொடுக்கும். பதில் வந்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் கிளையன் என்று ஓர் இளம் மான் இருந்தது. அது எப்போது குரல் கொடுத்தாலும் முதலில் பதில் கொடுப்பது அதன் அம்மாதான்.

ஒரு மழைக்காலத்தில் பெருவெள்ளம் வந்து கிளையனை அடித்துக்கொண்டு போனது. ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்த ஒரு தீவில் கொண்டுபோய் ஒதுக்கியது.

அது எப்படிப்பட்ட தீவு என்கிறீர்கள்! வயிற்றை உரசும் உயரத்துக்குப் புல். அதுவும் கரும்பு போல இனிக்கும் புல். அங்கே புலி இல்லை, சிறுத்தை இல்லை, ஒரு நரிகூட இல்லை. ஓட வேண்டிய தேவையே இல்லாததால் கிளையன் ஓடுவதையே மறந்துவிட்டது. வயிறு பானை போல ஆனது.

கோடை வந்தால் ஆறு வற்றிவிடும். மணலில் நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் கிளையன், "அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி புல்லில் வாயை வைத்தது. அம்மா எங்கே போய்விடப் போகிறாள் என்று அதற்கு நினைப்பு.

இப்படியே பல கோடைகள் போயின. ஒரு வருடம் எப்படியோ மனம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கத் தீவுப் புல்லைக் கொம்பு நிறையச் சுற்றிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை போல அசைந்து அசைந்து நடந்து வந்தது.

நாவல் மரத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிளையில் இருந்த குரங்கு அதைப் பார்த்ததும், கடித்துக்கொண்டிருந்த பழத்தை நழுவவிட்டது.

"கிளையனா? நீ உயிரோடா இருக்கிறாய்?" என்று குரங்கு கிசுகிசுத்தது.

"இருப்பதால்தானே வந்திருக்கிறேன்! அதென்ன திருடனைப் போல மெல்லப் பேசுகிறாய்? தொண்டை கட்டிக்கொண்டதா?"

"சத்தம் போடாதே. முதலில் புதருக்குள் போ. மற்றதை அங்கே பேசலாம்."

"குரல் கொடுக்காமல் நுழைவதா? அம்மா என்ன நினைப்பாள்? வெளியூர் போனதும் வழக்கத்தை மறந்துவிட்டான் என்பாள். எங்கள் தீவில் பதில் சொல்ல ஆளே இல்லாதபோதுகூட நான் இதை விட்டதில்லை, தெரியுமா?"

"ஐயோ, வேண்டாம்!" என்று குரங்கு இரண்டு கைகளையும் ஆட்டியது.

கிளையன் கழுத்தை நீட்டிக் குரல் கொடுத்தது.

காடு அப்படியே உறைந்துபோனது. சில்வண்டுகள் வாயை மூடின. முயல்கள் விழுந்தடித்து ஓடி ஒளிந்தன. மயில் ஒன்று படபடவென்று எழுந்து ஆற்றைத் தாண்டிப் பறந்தது. புதருக்குள்ளிருந்து பதில் மட்டும் வரவில்லை.

கிளையனுக்குத் திக்கென்றது. பிறகு கோபம் வந்தது. "இவ்வளவு தூரம் நடந்து வந்தவனுக்கு இதுதான் மரியாதையா? என்னைக் கண்டதும் ஓடி ஒளிகிறார்களே!" என்று முன்பைவிடப் பலமாகக் குரல் கொடுத்தது.

புதர் விலகியது. மெலிந்த பெண் மான் ஒன்று வெளியே வந்தது. அது கிளையனின் தங்கை தும்பை. அண்ணனைப் பார்த்து அதன் கண்கள் கலங்கின. ஆனாலும் வாய் திறக்காமல், முன்னங்காலால் தரையை ஒரு தட்டுத் தட்டியது.

"தும்பை! இப்படி இளைத்துப்போனாயே! அதென்ன, அண்ணன் வந்தால் காலைத் தட்டி ஆடுவதா? வாய் திறந்து வா என்று சொல்லக் கூடாதா?"

தும்பை மறுபடியும் தட்டியது. பிறகு நெருங்கி வந்து காதோடு சொன்னது: "அண்ணா, வாயை மூடு. காலைத் தட்டினால் சத்தம் போடாதே என்று அர்த்தம். இப்போதெல்லாம் இங்கே யாரும் குரல் கொடுப்பதில்லை."

"என்னையே வாயை மூடச் சொல்கிறாயா? அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டாயா? இரு, அம்மா வந்து கேட்கட்டும்!"

தும்பை தடுப்பதற்குள் கிளையன் மூச்சை இழுத்து, அம்மாவுக்காக மூன்றாவது முறை குரல் கொடுத்தது. அந்தக் குரல் முடியவில்லை. பாறைக்குப் பின்னாலிருந்து சிறுத்தை ஒன்று பாய்ந்தது.

கிளையன் ஓடப் பார்த்தது. கால்கள் பின்னிக்கொண்டன. சிறுத்தையின் நகம் கொம்பில் இருந்த புல்லில் மாட்டியது. புல் பிய்ந்துகொண்டு வர, கிளையன் கரையிலிருந்து உருண்டு, நாவல் வேர்களுக்கு அடியில் இருந்த பள்ளத்துக்குள் போய் விழுந்தது.

சிறுத்தை வாயில் சிக்கிய புல்லைத் துப்பிவிட்டு மோப்பம் பிடித்தபடி பள்ளத்தை நெருங்கியது. கிளையனுக்கு அதன் மூச்சுச் சத்தம் கேட்டது. தீவில் இத்தனை காலம் வாழ்ந்ததில் பயம் என்றால் என்னவென்றே மறந்திருந்த அதற்கு, இப்போது அந்தப் பயம் மொத்தமாக வந்து சேர்ந்தது.

அப்போது மேட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் எழுந்தது. நீளமான குரல். கொடுத்தது தும்பை.

சிறுத்தையின் காதுகள் திரும்பின. அந்தக் குரல் எங்கே கேட்டாலும் அங்கே அசையாமல் நின்று பதிலுக்குக் காத்திருக்கும் மான் ஒன்று கிடைக்கும் என்பது அதற்குத் தெரியும். பள்ளத்தை விட்டுவிட்டு மேட்டுக்குப் பாய்ந்தது.

தும்பையோ காத்திருக்கவில்லை. முள்காட்டுக்குள் தலையைக் குனிந்து புகுந்தது. மெலிந்த உடம்பு போகிற சந்தில் சிறுத்தையின் உடம்பு போகவில்லை. முகமெல்லாம் முள் ஏறி, உறுமிக்கொண்டே மலைப்பக்கம் போய்விட்டது.

காது கிழிந்து இரத்தம் சொட்ட, தும்பை பள்ளத்துக்குத் திரும்பி வந்தது.

கிளையன் இப்போது மெல்லத்தான் பேசியது. "எனக்காக உயிரையே கொடுக்கப் பார்த்தாயே, தும்பை. ஆனால் இத்தனை நடந்தும் அம்மா வரவில்லையே? அம்மா எங்கே?"

தும்பை நாவல் மரத்தைப் பார்த்தது.

"உன்னை வெள்ளம் கொண்டுபோன பிறகு, அம்மா தினமும் இந்த மரத்தடியில் வந்து நின்று குரல் கொடுத்தாள். நீ எங்கிருந்தாவது பதில் கொடுப்பாய் என்று நம்பினாள். நாங்கள் எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. ஒரு மான் தினமும் ஒரே இடத்தில் நின்று கூப்பிட்டால் சிறுத்தைக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தக் குரலை அது அம்மாவிடம்தான் தெரிந்துகொண்டது."

கிளையன் கேட்டது: "எப்போது?"

"ஒரு கோடையில். ஆறு வற்றிக் கிடந்தது. மணலில் ஏதோ நடந்து வருவது தெரிந்தது. நீதான் வருகிறாய் என்று நினைத்துவிட்டாள், அண்ணா. இன்னும் பலமாகக் கூப்பிட்டாள்."

கிளையன் வற்றிக் கிடந்த ஆற்றைத் திரும்பிப் பார்த்தது. எத்தனை கோடைகளில் அந்த மணல் வழி திறந்து கிடந்தது! எத்தனை முறை அது புல்லில் வாயை வைத்தது! அம்மா என்று கதறுவதற்கு வாயைத் திறந்தது.

தும்பை முன்னங்காலால் தரையைத் தட்டியது.

கிளையன் வாயை மூடிக்கொண்டது.

நீதி: நாம் இல்லாதபோதும் வீட்டில் காலம் நடந்துகொண்டே இருக்கும், போவதைத் தள்ளிப்போடக் கூடாது, போனதும் பேசுவதற்கு முன் கேட்க வேண்டும்.