பதினேழாம் எண் அறைக்கு வரிசை

அரியநாயகத்துக்கு அறுபத்தொரு வயது. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளாமல் கண்ணை மூடுவதில்லை என்று திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆய்வுக்குச் சேர்ந்திருந்தார். அவருடைய நெறியாளர் பேராசிரியர் ஹெப்சிபாவுக்கு முப்பத்தெட்டு வயது. அவர் இவரை சார் என்பார். இவர் அவரை மேடம் என்பார்.

ஆய்வு முன்வரைவைக் கொடுக்க அன்று மாலை நான்கு மணி கடைசி. ஏற்கெனவே இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. இந்த முறையும் தவறினால் பதிவு ரத்து.

காலை பத்து மணிக்கு அரியநாயகம் ஃபைலை நீட்டினார்.

"எல்லா அறிஞர்களையும் சேர்த்துட்டேன் மேடம். பிரெஞ்சுக்காரர் ஒருத்தர், ஒரே மகனைப் போர்ல பறிகொடுத்தவர். ஜெர்மன்காரர் ஒருத்தர், மனசு சரியில்லாம வருஷக்கணக்கா பாடம் நடத்த முடியாம வீட்டோட இருந்தவர். பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் சரிபார்த்தாச்சு."

"அவங்க கஷ்டம் இருக்கட்டும் சார். என்ன சொன்னாங்க?"

"சமூகம்ங்கிறது நமக்கு வெளியில இருக்கு, நம்மளைப் புடிச்சு அழுத்துதுன்னு அந்தப் பிரெஞ்சுக்காரர் சொல்லுதாரு." அரியநாயகம் குரலைத் தணித்தார். "ஒண்ணு கேக்கலாமா மேடம்? வெளியிலன்னா எங்க? முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ். ஊர் பாத்திருக்கேன், சாதி பாத்திருக்கேன், கலவரம் பாத்திருக்கேன். சமூகத்தை மட்டும் கண்ணால பாக்கலையே."

ஹெப்சிபா ஃபைலை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சார், வரிசையில நின்னிருக்கீங்களா?"

அரியநாயகம் யோசித்தார். வரிசை எப்போதும் அவர் மேசைக்கு எதிரில்தான் நின்றிருக்கிறது.

"பாத்திருக்கேன்" என்றார்.

"நிர்வாகக் கட்டடத்துல பதினேழாம் எண் அறை தெரியுமா?"

"உடைஞ்ச நாற்காலி போட்டுப் பூட்டி வெச்சிருக்கிற அறைதானே?"

"அதேதான். கதவைப் பாத்து நில்லுங்க. யாரு கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது. உங்க கண்ணால பாத்ததை ஒரே ஒரு வரி எழுதிக் கொண்டாங்க. கையெழுத்துப் போடுதேன்."

அரியநாயகம் போய் நின்றார். பூட்டிய கதவின் முன்னால் சும்மா நிற்பது கூச்சமாக இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கையில் விண்ணப்பத்தோடு ஒரு பெண் வந்தார்.

"அண்ணாச்சி, சான்றிதழுக்கு இங்கதானே?"

"தெரியலம்மா."

"எனக்கும்தான் தெரியல. இங்க எவன் கேட்டாச் சொல்லுதான்?" என்றபடி அவர் பின்னால் நின்றுகொண்டார்.

அந்த அம்மாளைப் பார்த்து இருவர் வந்தார்கள். இருவரைப் பார்த்து ஐந்து பேர்.

"ஏன் இன்னும் திறக்கல?" என்றார் ஒருவர்.

"சர்வர் டவுனாம்" என்றார் இன்னொருவர்.

அரியநாயகம் திரும்பிப் பார்த்தார். அதை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஆனால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

பதினொன்றரை மணிக்குப் பியூன் ஒருவர் அந்த வழியாக வந்தார். பதினைந்து பேரைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாதையை அடைச்சுக்கிட்டு நின்னா எப்படி? சுவரோரமா நில்லுங்க. பொம்பளையாளுங்க தனியா."

வரிசை இரண்டாகப் பிரிந்தது. அரைக்கைச் சட்டை போட்ட ஒருவர் ஒரு தாளை எடுத்து எல்லோர் பெயரையும் எழுத ஆரம்பித்தார். அவர் பெயர் சுடலைமுத்து. ஏதோ பள்ளிக்கூடத்தில் எழுத்தர். அவரை யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுத ஆரம்பித்த பிறகு யாரும் மறுப்புச் சொல்லவுமில்லை.

அரியநாயகத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. பேனாவை எடுத்தார். ஆனால் அவருக்குச் சர்க்கரை உண்டு. இரண்டு மணி நேரமாக அடக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தா வந்துருதேன்" என்று பின்னால் நின்றவரிடம் சொல்லிவிட்டு, தாள் தன்னிடம் வருவதற்குள் ஓடினார்.

திரும்பி வந்தபோது கதவருகே அவருடைய இடத்தில் வேறொருவர் நின்றார். சொல்லிவிட்டுப் போன ஆளைக் காணோம்.

"தம்பி, அது என் இடம்."

சுடலைமுத்து தாளைப் பார்த்தார். "பேரு?"

"அரியநாயகம்."

"லிஸ்ட்ல இல்லையே அண்ணாச்சி."

"லிஸ்ட்டுக்கு முன்னாலேயே நான் நிக்கேன். இந்த வரிசையை ஆரம்பிச்சதே நான்தான்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க."

அரியநாயகம் பெண்கள் வரிசையில் இருந்த அந்த முதல் அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அரியநாயகம் உண்மையை உடைத்துவிட்டார்.

"எல்லாரும் கேளுங்க! உள்ள ஆபீஸே கிடையாது. வெறும் உடைஞ்ச நாற்காலி!"

வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நம்மளைக் கலைச்சுவிட்டுட்டு இவரு முன்னால போகப் பாக்காரு."

"வயசுக்கு ஏத்த பேச்சா இது?"

"பின்னால போங்க அண்ணாச்சி. எல்லாருக்கும் வேலை இருக்கு."

இருபத்தாறு பேர் அவரையே பார்த்தார்கள். முப்பத்தைந்து வருடம் தாலுகாவையே நடுங்க வைத்தவருக்குக் காது சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். வீட்டுக்குப் போயிருக்கலாம். டீக்கடைக்குப் போயிருக்கலாம். கால் நேராக வரிசையின் கடைசிக்குப் போய் நின்றது.

சுடலைமுத்து பின்னாலேயே வந்து பெயரை எழுதிக்கொண்டார். "இருபத்தேழு. மறந்துராதீங்க."

"சரி தம்பி" என்றார் அரியநாயகம். அவருக்கே தெரியாமல் அதில் ஒரு நிம்மதி இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம் போனது. முன்னால் நாலைந்து பேர் பொறுமையிழந்து கிளம்பினார்கள். வரிசை நகர்ந்தது. நகர நகர எல்லோருக்கும் நம்பிக்கை கூடியது. மூன்றரை மணிக்குச் சிவப்பு ஹெல்மெட்டோடு ஒருவர் வந்து அரியநாயகத்துக்கு முன்னால் மெதுவாக நுழைந்தார்.

"யோவ்!" பழைய தாசில்தார் குரல் நடைபாதை முழுக்க அதிர்ந்தது. "நாங்கள்லாம் என்ன பைத்தியக்காரங்களா? வரிசைன்னா ஒரு முறை வேண்டாமா?"

"அப்படிச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றது வரிசை.

ஹெல்மெட்காரர் பின்னால் போனார். அரியநாயகம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஹெப்சிபா வந்தார். கதவருகே பார்த்தார். காணோம். வரிசையை ஒட்டியே நடந்து வந்து, சுவரோரமாக நின்ற அரியநாயகத்தைக் கண்டுபிடித்தார்.

"சார், நாலு மணி ஆகப் போகுது. வாங்க, போவோம்."

"இருங்க மேடம். இப்பத்தான் நகருது."

"உள்ள என்ன இருக்கு சார்?"

"உடைஞ்ச நாற்காலி."

"சரி, அந்த ஒரு வரி எழுதிட்டீங்களா?"

"எங்க மேடம் எழுத? குனிஞ்சு எழுதினா இடம் போயிரும்."

ஹெப்சிபா அவர் கையிலிருந்த ஃபைலை வாங்கினார். "கொஞ்சம் திரும்புங்க" என்றார். அவர் முதுகின்மேல் ஃபைலை வைத்து, 'குனிஞ்சு எழுதினா இடம் போயிரும்' என்று அவர் சொன்னதை அப்படியே முதல் பக்கத்தில் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

"நானே கொண்டுபோய்க் கொடுத்துருதேன்" என்று நடக்கத் தொடங்கினார்.

அரியநாயகத்துக்கு அப்போதுதான் விழிப்பு வந்தது போலிருந்தது. முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். ஹெல்மெட்காரர் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம்" என்றார் மெல்ல. "இதுலேருந்து எப்படி வெளிய வாரது?"

ஹெப்சிபா திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு வரிசை வேற, சார்."