கால் பதிக்காத காகம்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. பட்டப்பகலில் நடந்த கதைதான், ஆனாலும் ஒருத்தரை ஒருத்தர் ஒட்டி உட்கார்ந்து கேட்டால் நல்லது.

காட்டின் நடுவில் ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் ஓர் ஆலமரம். அந்த மரத்து உச்சியில் மையாண்டி என்கிற காகம் தினமும் விடிந்ததும் சேதி சொல்லும். அதைக் கேட்ட பிறகுதான் மான் மேயப் போகும். காடு முழுக்க அன்றைக்கு அதுதான் பேச்சு.

காட்டின் ஓரத்தில் நாணல்குழி என்று ஒரு சின்னக் குளம். அங்கே செம்பி என்று ஓர் ஆள்காட்டிக் குருவி. யார் வந்தாலும் போனாலும் கத்திச் சொல்கிற பறவை அது, உங்களுக்கே தெரியும். நண்டு ஓடு கழற்றியது, ஆமையாருக்குச் சளி, தெற்கு மூலையில் தண்ணீர் ஒரு விரல் இறங்கிவிட்டது, இப்படித் தன் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லும். கேட்கிறவர்கள் நாலே பேர். அதிலும் ஆமையார் பாதியில் தூங்கிவிடுவார்.

ஒரு கோடையில் மையாண்டி நாணல்குழிக்குச் சேதி எடுக்க வந்தது. வந்தது என்றால், மேலே ஒரு வட்டம் போட்டது, அவ்வளவுதான். நல்ல உச்சி வெயில். தவளை சேற்றுக்குள், ஆமை தண்ணீருக்குள், நண்டு வளைக்குள். செம்பி கரைச் சரளையில் தன் நாலு முட்டைகளின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் முதுகும் மண் நிறம். காகத்தின் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. இறங்கிப் பார்க்கிற வழக்கமும் அதற்கு இல்லை.

மறுநாள் ஆலமரத்திலிருந்து சேதி வந்தது. நாணல்குழியில் எல்லாரும் செத்துப்போனார்கள், ஓர் உயிர் மிச்சமில்லை என்று.

அன்றைக்கே தண்ணீர் குடிக்க வருகிற முயல் வரவில்லை. கரையில் யாரோ ஒரு தேக்கிலையில் அத்திப்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், செத்தவர்களுக்குப் படைக்கிற மாதிரி. அடுத்த நாள் இரண்டு இலை. அதற்கடுத்த நாள் ஐந்து.

தவளைக் கொப்பனின் மச்சான் பெரிய ஏரியிலிருந்து வந்து, கொப்பனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து அழுதது. "மச்சான், இங்கதான்டா இருக்கேன்" என்று கொப்பன் அதன் முதுகைத் தொட்டது. மச்சான் தவளை நடுங்கிப்போயிற்று. "குரல்கூட அப்படியே இருக்கு" என்று முனகிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தாவி ஓடியது.

அதற்கப்புறம் கொப்பன் கத்துவதை நிறுத்திவிட்டது. நண்டு வளையை விட்டு வரவில்லை. குளம் ஊமையாகிப் போனது. காற்று அடித்தாலும் நாணல் சத்தம் போடாத மாதிரி இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன், சிரிக்காத" என்றது கொப்பன். "நாம நெசமாவே செத்துட்டோமோ?"

செம்பி சிரிக்கவில்லை. மெதுவாக முட்டையை அலகால் தொட்டுப் பார்த்தது. சூடாக இருந்தது.

முட்டைகளுக்கு ஆமையாரை நிழலாக நிறுத்திவிட்டு, செம்பி ஆலமரத்துக்குப் பறந்தது. வழியில் அதைக் கண்ட மான்களெல்லாம் பேயென்று கண்ணை மூடிக்கொண்டன. மையாண்டியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டது. எந்த வேளையில் வந்தாய், எவ்வளவு உயரத்தில் பறந்தாய், யாரிடம் விசாரித்தாய்?

மையாண்டி பக்கத்துக் கிளையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னது. "ஆலமரத்துல ஒருதரம் சொன்னா சொன்னதுதான். அதுவும் செத்தவங்க வந்து மறுப்புச் சொல்ற வழக்கம் இங்க கிடையாது."

கீழே யானைகள் பேசிக்கொண்டது செம்பியின் காதில் விழுந்தது. ஏரியில் தண்ணீர் வற்றுகிறது. நாணல்குழியில்தான் யாரும் இல்லையே, நாளைக் காலையில் போய்க் கரையை உடைத்துவிட்டால் அந்தத் தண்ணீர் இங்கே வந்துவிடும். கரை உடைந்தால் குளம் போகும். கரையில் இருக்கிற முட்டைகளும் போகும்.

மறுநாள் விடிந்ததும் செம்பி எல்லாரையும் கிளப்பியது. கரை முழுக்கத் தண்ணீர் தெளித்து, ஈர மண்ணில் நடக்கச் சொன்னது. ஆமையார் இழுத்துக்கொண்டு போன தடம், நண்டு குத்திய புள்ளிகள், கொப்பன் குதித்த பள்ளம். செம்பி தன் முட்டைகளைச் சுற்றி மூன்று விரல் தடத்தால் ஒரு வட்டம் போட்டது. பிறகு எல்லாரும் நாணலுக்குள் நின்றார்கள்.

யானைகள் வந்தன. மேலே மையாண்டி வட்டமிட்டு, காலிக் குளம்தான், உடையுங்கள் என்றது. முன்னால் வந்த பெரியம்மா யானை காலைத் தூக்கியது. தூக்கிய கால் அப்படியே நின்றது. தும்பிக்கையால் மண்ணைத் தொட்டுப் பார்த்தது. தடத்தில் இன்னும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

செம்பி வெளியே வந்து ஒவ்வொரு தடத்துக்கும் பேர் சொன்னது. பேர் சொல்லச் சொல்ல, ஒவ்வொருத்தராக நாணலை விலக்கிக்கொண்டு வந்தார்கள்.

"பேய்க்குக் கால் தரையில பாவாதுன்னு உங்களுக்குத் தெரியும் பெரியம்மா. எங்க எல்லார் காலும் இங்க இருக்கு. இந்தக் குளத்தைப் பார்த்தேன்னு சொல்ற ஒருத்தர் காலை மட்டும்தான் காணோம்."

யானைகள் மெல்லத் தலையைத் தூக்கின. காகத்தின் நிழல் தடங்களின் மேல் ஓடியது. மறுபடி ஓடியது. நிழல் போன இடத்தில் ஒரு தடமும் விழவில்லை. "அம்மா, அது யாரு?" என்று கேட்டபடி குட்டியானை தாயின் காலுக்குப் பின்னால் ஒளிந்தது. நான்தான், மையாண்டி என்று காகம் கத்தியது. யானைகள் கண்ணை மூடிக்கொண்டன.

காகம் அவசரமாகச் சிறகை மடக்கியது. தொப்பென்று சேற்றில் இறங்கி, "பாருங்க, எனக்குக் கால் இருக்கு" என்று ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. மூன்றாவது அடிக்கு ஒரு சாண் தள்ளி, நாலு முட்டைகளை அப்போதுதான் பார்த்தது. ஒன்றின் உள்ளேயிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது. மையாண்டி நாலாவது அடி வைக்கவில்லை.

பெரியம்மா யானை வந்த வழியே திரும்பியது. மற்றவை பின்னால் போயின.

மறுநாள் ஆலமரத்துச் சேதியில் திருத்தம் வந்தது. குரங்கு வீட்டுக் கல்யாணச் சேதிக்கும் பின்னால், கடைசியில், நாணல்குழியில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரே வரி.

இறங்கிக் கால் வைத்துப் பார்க்காமல் ஓர் ஊரைப் பற்றிப் பேசினால், உயிரோடு இருக்கிறவர்களையே புதைத்துவிடுவோம்.

செம்பி அன்றைக்கும் கரையில் நின்று தன் நாலு பேருக்குச் சேதி சொன்னது. நேற்று ஒரு காகம் வந்தது, மூன்று அடி வைத்தது என்று. சொல்லி முடித்ததும், சரியாகத்தான் சொன்னோமா என்று திரும்பிப் போய் அந்தத் தடங்களை இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தது.