அறுத்தெடுத்த அரைஞாண்

“கொடுக்கவா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க டாக்டரம்மா.”

மனநல வார்டு ஊழியர் மாசானத்தின் உள்ளங்கையில் ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு கிடந்தது.

இசக்கியின் கயிறு. சாக முயன்று பிழைத்து, முந்தாநாள் வார்டுக்கு வந்தவன் இசக்கி. நாடா, பெல்ட், கயிறு எதுவும் நோயாளியிடம் இருக்கக் கூடாது என்பது விதி. அதை எழுதியவர்கள் யாரும் வார்டுக்குள் வந்ததில்லை. கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்தவர் மாசானம்தான்.

அன்று முதல் இசக்கி ஒரு வாய் சோறு உண்ணவில்லை. கயிற்றைக் கேட்பதைத் தவிர வேறு பேச்சும் இல்லை.

டாக்டர் தேவமலருக்கு மாசானத்தின் வயதில் பாதிதான். ஆனாலும் அவரிடம் மட்டுமே மாசானம் கேள்வி கேட்டு நிற்பார். ஒரு காலத்தில், வார்டுப் பூட்டைத் திற என்று இதே வாசலில் கொடி பிடித்துச் சிறைக்குப் போனவர் மாசானம். இன்று அந்தப் பூட்டின் சாவி அவர் இடுப்பில் தொங்குகிறது.

“கொடுத்தா?” என்றார் டாக்டர்.

“ஏதாவது பண்ணிக்கிட்டான்னா, நாமளே கொன்ன மாதிரி.”

“கொடுக்கலேன்னா?”

“பட்டினி கிடந்தே போயிருவான். விதி மட்டும் நல்லா இருக்கும்.”

டாக்டர் சிரித்துவிட்டார்.

“அண்ணாச்சி, உங்க இடுப்புல கயிறு இருக்கா?”

மாசானம் வேட்டிக்கு மேலேயே தொட்டுப் பார்த்தார். “இல்லாமலா? சின்னப் பிள்ளையில கட்டினது. மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டு வாரேன்.”

“அதை எப்போ அறுத்து எடுப்பாங்க?”

“இது தெரியாதா? குளிப்பாட்டி, பாடையில வைக்கிறதுக்கு முன்னால...”

கத்தரிக்கோல் பிடித்த தன் விரல்களை மாசானம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கி அவரிடம் கொடுத்தார்.

“கட்டிவிடுங்க. பக்கத்துலயே உட்காருங்க.”

“எவ்வளவு நேரம்?”

“நீங்க எழுந்தா நான் உட்காருவேன். நான் எழுந்தா நர்சு.”

“அப்போ விதி?”

“விதியைக் கேக்குறது நீங்களா அண்ணாச்சி? கையெழுத்து என்னோடது. போங்க.”

இசக்கி சட்டையைத் தூக்கிப் பிடித்து அசையாமல் நின்றான். அறுந்த முனைகளை மாசானம் சேர்த்து முடிந்தார். முடிந்ததில் கயிறு குறுகியது. பட்டினி கிடந்த இடுப்புக்கு அது சரியாக இருந்தது.

முடிச்சு நழுவியது. மறுபடி முடிந்தார்.

“பயமா இருக்கா அண்ணாச்சி?” என்றான் இசக்கி.

“இருக்குடே.”

“எனக்கும்.”