காவிரி மலையேறும் வழி

மாடுகள் தங்களை ஓட்டுகிறவர்களை வாயாரத் திட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காவிரிக்கரையில் வழி என்று எதுவும் கிடையாது. கரை நெடுக நாணலும் முள்ளும் சேறும்தான். கடலோரத்திலிருந்து குடகு மலைக்கு உப்பு ஏற்றிப் போகும் உமணர்கள் ஆற்றை ஒதுக்கிவிட்டு, மேட்டுக்காட்டின் நடுவே நேராகப் போவார்கள். பாதித் தொலைவில் ஓரிடத்தில் மட்டும் ஆறு குறுக்கே வரும். இறங்கிக் குடத்தை நிரப்பிக்கொண்டு, ஆழமில்லாத இடமாகப் பார்த்துக் கடந்து, மறுபடியும் மேட்டுக்காட்டில் ஏறிவிடுவார்கள். ஆறு எங்கே நெளிகிறது, எங்கே வளைகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு எதற்கு? மழைக்கு முன்னால் உப்பு மலை ஏறிவிட வேண்டும். நனைந்தால் ஒரு வருடச் சோறு கரைந்து போகும்.

நல்லக்காள் அந்த வருடம்தான் முதல் முறையாக வண்டிகளுக்கு முன்னால் போனாள். புருஷன் காலை முறித்துக்கொண்டு கடலோரத்துக் குடிசையில் கிடந்தான். பால் மறந்து கொஞ்ச நாளே ஆன மகள் வடிவாளை அவன் பக்கத்தில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று பார்க்காமலே கிளம்பியிருந்தாள். முதல் வண்டியில் பூட்டிய மாட்டுக்குச் சுழியன் என்று பெயர். இழுப்பதில் அரை மாடு, பேசுவதில் இரண்டு மாடு.

உமணர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புது ஆள் ஒருவர் வாய் திறந்து பேசிவிட்டால், ஒரு பிடி உப்பை அவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். எதிராளி பகைவனாக இருந்தாலும் சரி. உப்பைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்லக்கூடாது என்பதும் அந்த வழக்கத்தோடு சேர்ந்தது.

ஆறு குறுக்கே வரும் அந்தத் துறையில் அன்று இறங்கி நல்லக்காள் குடத்தை அமிழ்த்தியபோது ஆறு பேசியது.

"யாரு தாயி நீ? எல்லாரும் மொண்டுகிட்டுப் போயிடுவாங்க, யாரும் என் முகத்தைப் பாக்க மாட்டாங்க. நீ பாக்குற. வண்டியில என்ன கொண்டு போற?"

நல்லக்காளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவள் பிறந்து வளர்ந்தது காவிரி கடலில் கலக்கும் இடத்தில். அங்கே ஆறு பேசி அவள் கேட்டதே இல்லை. அங்கே வந்து சேரும்போது அது களைத்துப்போய், வாய் ஓய்ந்து, மெல்லக் கடலுக்குள் போய்விடும். இங்கேயோ இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக விரிந்து, வெயிலை வாங்கிக்கொண்டு, அவளைப் பார்த்துப் பேசுகிறது. அவள் பதறிப்போய், ஓடிப்போய் மூட்டையைப் பிரித்து, மடியில் உப்பை அள்ளிவந்து, வழக்கப்படி ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டாள்.

ஆறு அதைச் சுவைத்தது. நீரோட்டம் அப்படியே நின்றுவிட்டது.

இது என்ன என்று கேட்டது. உப்பு என்றாள். எங்கிருந்து வருகிறது என்று கேட்டது. கடலிலிருந்து என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீ போய்ச் சேருற இடந்தான் ஆத்தா" என்றும் சொல்லிவிட்டாள்.

பள்ளம் கண்ட பக்கம் ஓடுவதுதான் காவிரிக்குத் தெரியும். எங்கே போகிறோம் என்று அது கேட்டதே இல்லை. கடலைத் தொட்ட தண்ணீர் எதுவும் திரும்பி வந்து சேதி சொன்னதும் இல்லை. அந்த ஒரு பிடி உப்பில் அதற்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இனிப்பு போய்விடும், கரை போய்விடும், காவிரி என்று கூப்பிட ஆள் இருக்காது.

அது பயந்துவிட்டது. அவ்வளவு பெரிய ஆறு பயந்ததை நல்லக்காள் கண்ணால் பார்த்தாள். தண்ணீர் முழுவதும் ஒரு மூச்சு மேலே எழும்பி நின்றது. பிறகு வந்த திசையைப் பார்த்துத் திரும்பியது. கரையை உடைத்துக்கொண்டு, மருத மரங்களைப் பெயர்த்துக்கொண்டு, ஒரு பெரிய வட்டம் போட்டு மலையை நோக்கிப் போயிற்று. துறைக்குக் கீழே வெறும் மணல் தெரிந்தது. மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின.

கூட்டத்தார் அவளைப் பிடித்து உலுக்காத குறை. ஆனாலும் ஒருவன், ஆறு வற்றியது நல்லதாகப் போயிற்று, சட்டென்று கடந்துவிடலாம் என்றான். வானத்தில் மழை மேகம் கூடிக்கொண்டிருந்தது. அவளும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு மாட்டைத் தட்டினாள். மணலில் புதைந்த சக்கரங்களைத் தூக்கிவிடுவதிலேயே இரண்டு நாள் போயிற்று. அப்போதுதான் கடல் பக்கத்திலிருந்து ஒரு கூழைக்கடா தாழப் பறந்து வந்து வண்டி மேல் உட்கார்ந்தது.

"நல்லக்கா, கீழ தண்ணி வரல. கடல் உள்ள ஏறிருச்சு. ஊத்தெல்லாம் கரிக்குது. உம் மக வடிவாளுக்கு அழக்கூடத் தெம்பில்ல."

நல்லக்காள் சுழியனை அவிழ்த்துக்கொண்டு ஆறு போன திசையில் ஓடினாள். சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள். அந்தப் பெரிய வட்டத்தின் கோடியில் காவிரி மூச்சு வாங்கிக்கொண்டு தேங்கி நின்றது. அதற்கு மேல் மேடு, ஏற முடியவில்லை.

சுழியன் அவள் காதோரம் வந்து, "கடல் தேனா இனிக்கும்னு சொல்லிப்புடு அக்கா. போய்ப் பாத்துட்டு வந்தா உன் சட்டையைப் பிடிக்கப் போகுது?" என்றது.

சொல்லியிருப்பாள். மகள் நாக்கு வறண்டு கிடக்கும்போது எந்தத் தாய்தான் சொல்லமாட்டாள்? அதனால்தான் அவள் மடியில் மிச்சமிருந்த உப்பை எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். பிறகு தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்றாள்.

"போனா திரும்ப முடியுமா?" என்று காவிரி கேட்டது.

"முடியாது ஆத்தா. தண்ணியா முடியாது."

ஆறு நடுங்கியது. அந்த நடுக்கம் அவள் இடுப்பைச் சுற்றி வந்தது. அவள் விடாமல் பேசினாள். கடலுக்குள் போகும் ஆற்றைத் தான் தினம் பார்த்திருப்பதைச் சொன்னாள். கடலில் கலந்த அந்தத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குக் கூட்டி வருவதை, வெயில் அதைக் குடித்துவிட்டுப் போவதை, பாத்தியில் வெள்ளையாக ஒன்று மிஞ்சுவதைச் சொன்னாள். கையை விரித்துக் காட்டினாள்.

"இது நீதான் ஆத்தா. உன்னைத்தான் நான் உன் பொறந்த வீட்டுக்குக் கொண்டு போறேன்."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. தலைமுறை தலைமுறையாகத் தன் சனங்கள் என்ன சுமந்து போனார்கள் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. கையில் இருந்த உப்பைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

காவிரி அவள் கையடியில் ஒருமுறை சுழன்று வந்தது. பிறகு, எந்த வழியாகக் கொண்டு போகிறாய் என்று கேட்டது. மேட்டுக்காட்டு வழியாக என்றாள்.

"அந்தக் காட்டை நான் பாத்ததே இல்ல. நான் வந்த வழியாவே கூட்டிக்கிட்டுப் போ தாயி. ஒரு வளைவும் விடாம. நான் எதையெல்லாம் விட்டுட்டு வந்தேனோ அதையெல்லாம் நான் பாக்கணும்."

இரண்டு மடங்குத் தொலைவு. நாணல், முள், சேறு. மழை நிச்சயம் பிடித்துக்கொள்ளும். கூட்டத்தார் தன்னை உயிரோடு புதைப்பார்கள் என்று நல்லக்காளுக்குத் தெரியும். ஆனாலும் உப்புக் கையோடு சத்தியம் செய்தாள். தன் சனத்தின் வண்டிச் சக்கரம் இனி காவிரியின் கரையை விட்டு விலகாது என்றாள்.

காவிரி திரும்பியது. தான் போட்ட வட்டத்தை அப்படியே சுற்றிக்கொண்டு, துறையைத் தாண்டி, மணலை மூடி, கடலை நோக்கிப் போயிற்று. இப்போது அதற்கு எல்லாம் தெரியும். தெரிந்தே போயிற்று. அதைப் பார்த்துக் கரையில் நின்ற மாடுகள் எல்லாம் தலை தாழ்த்தின. சுழியனும் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு திறந்த வாயை அது மலை வரைக்கும் மூடவில்லை என்பது வேறு விஷயம். முள்ளை வெட்டி, நாணலைச் சாய்த்து, சேற்றில் தழை போட்டு, வண்டிகள் ஆற்றோடு நெளிந்து நெளிந்து ஏறின. காவிரி பயந்து போட்ட பெரிய வட்டத்தின் கழுத்தருகே, குறுக்கே போனால் கண்ணெட்டும் தூரம்தான், யார் பார்க்கப் போகிறார்கள் என்று கூட்டத்தார் கெஞ்சினார்கள். நல்லக்காள் சுற்றித்தான் போனாள். வழியில் மழை பிடித்தது. பாதி மூட்டைகள் கரைந்து ஓடின. அவள் வாயையும் வயிற்றையும் கட்டிக்கொண்டு நடந்தாள். கூழைக்கடா மட்டும் ஒருநாள் வந்து, வடிவாள் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்குகிறாள் என்று சொல்லிவிட்டுப் போயிற்று. அன்றைக்குத்தான் அவள் வண்டி மேல் தலையைச் சாய்த்து அழுதாள்.

மலை உச்சியில் காவிரி ஒரு பாறையிடுக்கில் பிறந்துகொண்டிருந்தது. இரண்டு கைக்குள் அடங்கும் அளவு தண்ணீர். அது யாரையும் அறியாமல், எதற்கும் பயப்படாமல், தனக்குத்தானே ஏதோ பிதற்றிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில் உப்புப் படாதபடி நல்லக்காள் எட்டவே நின்றாள். குனிந்து, ஒரு பிடி உப்பை வெறும் பாறை மேல் வைத்தாள்.

மலை அதுவரை எந்த மனிதரோடும் பேசியதில்லை. அன்று ஒரே ஒரு சொல் பேசியது. அந்தச் சொல் அவள் காலடியிலிருந்து எலும்பு வழியாக ஏறி வந்தது.

"வந்துட்டாளா?"

 நல்லக்காள் தலையை ஆட்டினாள். மலையின் ஒவ்வொரு வெடிப்பிலும் நீர் கசிந்தது. பாறை பாறையாக நனைந்தது.

அன்று முதல்தான் காவிரிக்கரைப் பெருவழி, ஆறு வளையும் இடமெல்லாம் தானும் வளைந்து, குறுக்கே போக இடமிருந்தும் போகாமல், கரையோடு கரையாக மலைக்குப் போகிறது. ஆறாகக் கீழே போகிறவளும் உப்பாக வீடு திரும்புகிறவளும் அங்கே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.