கையை உயர்த்தாத கோயில்பிள்ளை

உப்பளங்களை ஒட்டிய சின்னஞ்சிறு ஊர் சந்தியாகுபுரம். அவ்வூர்க் கோயிலைப் பெருக்கி, விளக்கேற்றி, மூன்று வேளையும் செபமணி அடித்து வந்தவர் மதலைமுத்தார். கோயில்பிள்ளை என்று அவரை அழைப்பார்கள். அந்தப் பங்குக்குக் குருவான பங்குச்சாமி ஆற்றுக்கு அப்பால் பெரிய ஊரில் இருந்தார். ஞாயிறுதோறும் பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் பீடத்துக்கும் பல்லிகளுக்கும் துணை மதலைமுத்தார்தான். உப்பு வாரிய களைப்போடு, முழங்கால் வலிக்க வலிக்க, நற்கருணைப் பேழைமுன் ஒரே வேண்டுதலை ஓயாமல் சொல்லுவார்: ஆண்டவரே, என்னைக் குருவாக்கும்.

இளவயதில் குருவாகப் படிக்கக் குருமடம் சேர்ந்தவர்தாம். தகப்பனாரைக் கடல் கொண்டுபோயிற்று. தாயாரையும் தங்கைமாரையும் காப்பாற்றப் பாதியிலேயே திரும்பினார். ஊர் சும்மா விடுமா? 'அரைச்சாமி' என்று பட்டம் கட்டியது. முதலில் கட்டியவர், அவரோடு உப்பளத்தில் உப்பு வாரிய தொம்மை. நாக்குக் கூசாமல் தெருவில் வைத்தே கூப்பிடுவார். நம் அடியார் மதலைமுத்தார் தலைகுனிந்து நடந்துவிடுவார். வலிக்கத்தான் செய்தது.

தங்கைமார் புகுந்த வீடு போய், தாயாரும் கண்மூடிய பிறகு, நரைத்த தலையோடு மறுபடி போய்க் கேட்டார். வயது கடந்துவிட்டது, ஆனாலும் பங்குச்சாமி நல்லபடியாகச் சொன்னால் இந்த ஒரு தடவை சேர்த்துக்கொள்வோம் என்றார் ஆயர். பங்குச்சாமி லேசில் சொல்லுகிறவரா? உமக்கு வந்திருப்பது அழைப்பா, அங்கிமேல் ஆசையா என்று கேட்டார். அடியாருக்கு மெய்யாகவே தெரியவில்லை. ஏங்கி ஏங்கி இரண்டும் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. யோசித்து யோசித்துச் சோர்ந்து போனார்; காரியமும் அப்படியே நின்றது.

அந்த ஐப்பசியில் தொம்மை படுத்த படுக்கையானார். உப்பின் வெள்ளை வெயிலில் அவர் கண் எப்போதோ அவிந்திருந்தது. மழையில் பாலம் உடைந்து, பங்குச்சாமி வர வழியில்லை. சாமி இல்லாதபோது, சாகிறவர் தலைமாட்டில் கோயில்பிள்ளை மெழுகுதிரியும் தீர்த்தமும் கொண்டுபோய்ச் செபிப்பது வழக்கம். மதலைமுத்தார் போனார். திரி எரியும் மணமும் அவர் சட்டையில் ஊறிய சாம்பிராணி வாசனையும் பட்டதும், பங்குச்சாமியே வந்துவிட்டார் என்று தொம்மை கைகூப்பிவிட்டார்.

"சாமி, பாவசங்கீர்த்தனம் பண்ணணும்" என்றார். பாவத்தைக் கேட்டு, கையை உயர்த்திச் சிலுவை வரைந்து மன்னிப்பு அளிப்பது குருப்பட்டம் பெற்றவருக்கு மட்டுமே உரியது.

தொம்மையின் மனைவி அமலோற்பவம் அடியாரின் காதருகே குனிந்தார். "கேட்டுட்டு ஒரு சிலுவை போட்டுவிடுங்க அண்ணாச்சி. நிம்மதியாப் போவட்டும். அவருக்கு என்ன தெரியப்போவுது?"

சாமி என்று கூப்பிடக் கேட்க எத்தனை வருஷ ஏக்கம்! அதுவும் அந்த வாயிலிருந்து. இரக்கமும் ஆசையும் சேர்ந்து வலக்கையை உயர்த்தச் சொல்லின. அடியார் அந்தக் கையால் தொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சாமி இல்ல, தொம்மை. மதலைமுத்து. உன் பாவத்தை எங்கிட்டச் சொல்லாத, ஆண்டவர்கிட்டச் சொல்லு. பாவத்துக்கு வருந்துற மனஸ்தாப மந்திரம் நான் சொல்லித் தாரேன்."

தொம்மையின் முகம் வாடிற்று. பிறகு திக்கித் திக்கிக் கூடவே சொன்னார். பொழுது சாய்வதற்குள் அடங்கிப்போனார்.

சாகிற மனுஷனுக்காக ஒரு தலையாட்டு ஆட்டியிருக்கக் கூடாதா, கல்நெஞ்சன் என்று ஊர் தூற்றியது. அடியாருக்குச் சோறு இறங்கவில்லை. பேழைமுன் விழுந்து, களைத்துப்போனேன் ஆண்டவரே, செய்தது சரியா என்பதுகூடத் தெரியவில்லை என்று அழுதார்.

மறுநாள் மழை வெறித்து வானம் தெளியவும், பங்குச்சாமி படகேறி அடக்கத்துக்கு வந்தார். அமலோற்பவம் கல்லறைத் தோட்டத்திலேயே முறையிட்டார். மனம் உருகிச் சொன்ன மந்திரத்தை ஆண்டவர் தள்ளமாட்டார், உன் புருஷன் ஏமாந்து போகவில்லை என்று சாமி அவரைத் தேற்றினார். பிறகு கோயில்பிள்ளையைத் தனியே அழைத்து, ஏன் மறுத்தீர் என்று கேட்டார்.

"எனக்கு அதைக் கொடுக்கலையே, சாமி."

பங்குச்சாமி அவருடைய வலக்கையைப் பிடித்துக்கொண்டார். "கொடுக்காததை எடுக்காத கை. அதுலதான் கொடுக்கணும். ஆயர்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். குருமடத்துக்குப் புறப்படும்."

"ரொம்பக் களைச்சிட்டேன், சாமி."

"கூப்பிடுறவருக்கு அது தெரியாதா?"

அடியார் விம்மி விம்மி அழுதார். பேசியது பங்குச்சாமிதான், ஆனால் கூப்பிட்டவர் யார் என்பதில் அதன்பின் அவருக்கு ஐயமே எழவில்லை. ஏங்கிய பேறு கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோதும் பொய்யாய் அதைத் தொடாத மதலைமுத்தாரின் எளிய மனம் வாழ்க.