கழுதை வைத்த பொட்டு

எழுதினால் காசு, எழுதியதைப் பலர் மெச்சினால் இன்னும் காசு என்று இன்றைக்குக் கைபேசியில் சில தளங்கள் இருக்கின்றன. அங்கே புழங்குவது கண்ணுக்குத் தெரியாத மின்காசு. கொன்றையூரை ஆண்ட மருதவேள் மன்னர் இதையே கண்ணுக்குத் தெரிகிற காசை வைத்து, கடைத்தெருச் சுவர் ஒன்றில் நடத்தினார்.

சுவர் நெடுக ஆணிகள். எழுத வந்தவர் தன் ஆணியில் ஓலையைத் தொங்கவிடலாம். படித்தவருக்குப் பிடித்திருந்தால் செஞ்சாந்தில் விரலைத் தோய்த்து ஓலையில் ஒரு பொட்டு வைக்கலாம். அமாவாசைதோறும், புதிதாக அடித்த மெச்சுக்காசுகளைப் பொட்டுக்கு ஏற்றபடி பங்கிட்டுப் பரிசாகக் கொடுப்பார்கள். அதைக் கொடுத்தால் அரண்மனைக் களஞ்சியத்தில் நெல் கிடைக்கும்.

ஆனால் எல்லாப் பொட்டுக்கும் ஒரே மதிப்பு இல்லை. பொட்டு வைக்கிறபோது ஒருவர் எவ்வளவு மெச்சுக்காசைச் சுமந்து நிற்கிறாரோ, அவ்வளவு மதிப்பு. "நிறையச் சேர்த்தவனுக்குத்தானே சுவர்மேல் அக்கறை இருக்கும்?" என்பது அரசரின் வாதம். யாரும் பொய்க்கணக்குச் சொல்லிவிடக் கூடாதே என்று, மூட்டையோடுதான் வரவேண்டும் என்றும் சட்டம் போட்டார்.

எண்ணெய் வணிகர் வைரவநாதர் தினமும் காலையில் மூட்டையைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க வருவார். "இன்று வெயில் அதிகம்" என்று ஓலை எழுதித் தொங்கவிடுவார். தானே அதற்கு ஒரு பொட்டு வைப்பார். மறுநாள், "நேற்றைவிடக் குறைவு" என்று எழுதுவார். பரிசில் பெரும்பகுதி அவருக்கே போய்ச் சேர்ந்தது. மூட்டை பெருத்தது. அடுத்த பொட்டின் மதிப்பும் பெருத்தது.

அதே சுவரில் பூதலிங்கம் ஒரு திருடன் கதையைத் தொடராக எழுதிவந்தார். மாட்டுத் தரகை விட்டுவிட்டு எழுத வந்தவர். அவர் ஓலை முன்னால் தினமும் கூட்டம் நெரியும். கூட்டத்தில் இருந்தவர்கள் மடியில் ஆளுக்கு ஒரு காசு, சிலரிடம் அதுவும் இல்லை. ஓலை முழுக்கப் பொட்டு, பரிசு ஒன்றுமில்லை. பரிசே எட்டாத ஆணியைப் பிடுங்கி முதலிடத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் சட்டம். வருகிற அமாவாசை பூதலிங்கத்தின் முறை.

அவர் அரியநாச்சியிடம் போனார். அரசருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் அடைப்பைக்காரி அவள்.

"அம்மா, ஆணி போனால் நான் மறுபடி மாடு விற்கத்தான் போகணும். திருடன் இப்போதுதான் மதில் மேல் ஏறியிருக்கிறான்."

"இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும்" என்றாள் அவள்.

அன்று வெற்றிலை கொடுக்கும்போது பேச்சை எடுத்தாள். அரசர் முகம் சுளித்தார்.

"விதி எல்லோருக்கும் ஒன்றுதானே? வைரவநாதருக்குத் தனிச்சட்டமா போட்டேன்?"

"இல்லை, வேந்தே."

"பின்னே என்ன அநியாயம்?"

"எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அமாவாசைக்கு ஒரு புது வாசகரைக் கூட்டி வரட்டுமா? காசு சுமந்து வருகிற யாரும் பொட்டு வைக்கலாம்தானே?"

"யாரும் வைக்கலாம்."

"ஓலையும் தொங்கவிடலாம்?"

"யாரும் தொங்கவிடலாம். என் வாக்கு!"

அமாவாசையன்று ஊரே சுவர் முன்னால் கூடியது. காசு அடிக்கும் அக்கசாலையிலிருந்து புதுக்காசு முழுவதையும் சுமந்துகொண்டு அரண்மனைக் கழுதை வந்தது. அரியநாச்சி அதைச் சுவரருகே ஓட்டிவந்தாள். கழுதையே எழுதியதுபோல் அதன் குளம்படி பதித்த ஓலை ஒன்றைக் காலி ஆணியில் மாட்டி, அதில் கொஞ்சம் வெல்லம் தடவினாள். சாந்துக் கிண்ணத்தை நீட்டினாள். கழுதை மோந்து பார்த்துத் தும்மியது. சிவந்த மூக்கோடு போய் வெல்லத்தை நக்கியது. ஓலையில் பெரிதாய் ஒரு பொட்டு.

எடை பார்க்கும் அதிகாரி பொதியை நிறுத்துப் பார்த்தார். அரசர் பக்கம் திரும்பினார்.

"இந்த மாதப் பரிசில் பெரும்பகுதி... கழுதைக்கு, வேந்தே."

"அநியாயம்!" என்று வைரவநாதர் குதித்தார். "அது அரண்மனைக் காசு!"

"உங்கள் மூட்டையில் பாதி உங்கள் மைத்துனருடையது. யாராவது கேட்டோமா?" என்றாள் அரியநாச்சி.

"அதற்குப் படிக்கத் தெரியாது!"

"படித்துவிட்டுத்தான் பொட்டு வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?"

அரசர் கையை உயர்த்தினார். "கழுதையின் பொட்டைத் தள்ளுகிறேன். ஆனால் காரணமில்லாமல் தள்ளினால் நான் கொடுத்த வாக்கு என்னாவது? வைரவநாதரே, காரணத்தை நீரே சொல்லும். அதையே சட்டமாக்குகிறேன்."

வணிகர் ஆத்திரத்தில் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "தன் ஓலைக்குத் தானே வைக்கிற பொட்டு செல்லாது! சுமையைப் பார்த்துப் பொட்டுக்கு மதிப்புப் போடக் கூடாது! சுமப்பதென்றால் கழுதைகூடச் சுமக்குமே!"

"எழுதிக்கொண்டாயா?" என்று அரசர் எழுத்தரைக் கேட்டார். எழுத்தர் தலையாட்டினார். அரசர் முத்திரையை எடுத்தார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"அரியநாச்சி, ஆளுக்கு ஒரே மதிப்பு என்றால் நாளைக்கு இவர் வேலைக்காரர்களையெல்லாம் திரட்டிவந்து பொட்டு வைக்கச் சொல்வாரே?"

"சொல்லட்டும், வேந்தே. அவர்கள் பக்கத்து ஆணியில் திருடன் கதையைப் பார்த்துவிட்டால் திரும்பி வரமாட்டார்கள்."

முத்திரை விழுந்தது. புதுச் சட்டப்படி மறுபடி எண்ணினார்கள். பூதலிங்கத்தின் ஓலையில் எழுத்து தெரியாத அளவுக்குப் பொட்டு. பரிசு அவருக்கு. ஆணியும் அவருக்கே.

வைரவநாதருக்கு அப்போதுதான் தான் சொன்னது உறைத்தது. அவசரமாகத் தன் ஆணியைத் தேடி ஓடினார். ஆணி இருந்தது. ஓலை இல்லை.

"என் ஓலை எங்கே? அதில் வேறு யாராவது ஒருவர் பொட்டு வைத்திருப்பார்! எண்ணிப் பாருங்கள்!"

கழுதை நிதானமாக எதையோ மென்றுகொண்டிருந்தது. வாயோரத்தில் ஓலை நறுக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

அரசர் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார்.

அரியநாச்சி கழுதையைத் தட்டிக்கொடுத்தாள். "வருத்தப்படாதீர்கள், ஐயா" என்றாள். "உங்கள் ஓலையைக் கடைசிவரை விடாமல் முடித்த முதல் வாசகர் இவர்தான்."